இறைச்சிச் சாறில்லாத கபிலக் குழம்பு

ஒஸ்லோ நகர மத்தியிலிருந்து குரூருட் பள்ளத்தாக்கு வழியாக வரும் நிலக்கீழ்ப் புகையிரதம் தன் பயணத்தை முடித்துக்கொள்ளும் கடைசி நிலையம் வெஸ்ட்லி. 1975 ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்நிலையம் திறக்கப்பட்டபோது சுற்றிலும் புதிய அடுக்குமாடிகள் எழுந்து நின்றன. அவற்றுக்கு அப்பால் காடு. இன்றும் அவ்வாறே. மாலை நான்கு மணிக்குப் பின்னர் அம்மாடிகளின் படிக்கட்டில் ஏறிச் செல்பவர், ஒவ்வொரு கதவையும் தாண்டும்போது ஒவ்வொரு நாட்டைத் தாண்டுகிறார் எனலாம். ஒரு கதவுக்குப் பின்னால் பாகிஸ்தானியரின் பொரித்த வெங்காயம் மணக்கும். இன்னொன்றின் பின்னால் சோமாலியரின் ஏலமும் கறுவாவும். எமது கதவுக்குப் பின்னால் கறிவேப்பிலை தாளிக்கும் மணம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கீழ்மாடியில் வசித்த நோர்வேஜிய மூதாட்டியின் கதவுக்குப் பின்னாலோ, பட்டரும் கோதுமை மாவும் சேர்ந்து சிவக்கும் மணம். இக்கட்டுரை அந்தக் கடைசி மணத்தைப் பற்றியது.

அதனை இந்நாட்டவர் 'புரூன் சௌஸ்' என்பர். கபில நிறக் குழம்பு என்பது நேர்ப்பொருள். அரைத்த மாட்டிறைச்சியை உருண்டையாக்கிப் பொரித்து, இக்குழம்பிலே கொதிக்கவிட்டு, அவித்த உருளைக்கிழங்கோடும் பட்டாணி மசியலோடும் செந்நிறக் காட்டுப்பழப் பாகோடும் உண்பார்கள். அவ்வுருண்டைகளுக்கு 'ஷோத்காக்கெர்' என்று பெயர். பெரிய இறைச்சித் துண்டத்தைப் போறணையில் இட்டு வாட்டும்போது தட்டின் அடியில் வடிந்து தேங்கும் சாறும் கொழுப்புமே இக்குழம்பின் உயிர் என்று இங்குள்ள முதியோர் கூறுவர். அந்தச் சாறில்லாமல் இதனைச் சமைக்க முடியுமா என்பதுதான் எமது கேள்வி. சோறும் சொதியும் இருக்க இது எமக்கு எதற்கு என்று வினவும் வாசகர்களுக்கு, எமது வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டியவளாயிருக்கிறேன்.

பெட்டியின் பின்புறம்

நாங்கள் வட நோர்வேயின் கடற்கரை ஊரொன்றிலிருந்து 1993 இல் வெஸ்ட்லிக்கு வந்தவர்கள். கணவர் அங்கே மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எம்மவருள் பலரது நோர்வே வாழ்வு அவ்வாறே தொடங்கிற்று. என் மாமி 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஓரிரவில் எழுந்து நடந்த அந்தப் பெரும் இடப்பெயர்வில் சாவகச்சேரிக்குச் சென்று, பின்னர் வவுனியா, கொழும்பு எனக் கடந்து, 1997 இல் எம்மிடம் வந்து சேர்ந்தார். வீடு, வளவு, கிணறு யாவற்றையும் விட்டு வந்தவர். அவரிடம் எஞ்சியிருந்தது பிறந்த நாள் தொட்டுத் தவறாத சைவ உணவு ஒழுக்கம் ஒன்றுதான். முட்டைகூடத் தொடமாட்டார்.

எங்கள் மகனுக்கு அப்போது எட்டு வயது. நண்பனின் வீட்டில் உண்டுவிட்டு வந்து, "எங்கட வீட்டிலை ஏன் சௌஸ் இல்லை?" என்று கேட்பான். வேலை முடிந்து வந்து ஒரே அடுப்பில் மாமிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என மூன்று பானை வைத்த பெண்கள் இதனை அறிவர். ஆகவே கடையிலே பொடியாக விற்கும் சௌஸ் பெட்டியொன்றை வாங்கினேன். வெந்நீரில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். பெட்டியின் முகப்பில் உருளைக்கிழங்கும் ஏதோ பச்சிலையும் படமாயிருந்தன, மாடு இருக்கவில்லை. அவித்த கிழங்கின் மேல் அதை ஊற்றினால் மகனும் உண்டான், மாமியும் உண்டார். "சோறில்லாத நாளுக்கு உது நல்லாத்தான் கிடக்குது பிள்ளை" என்றார். புதன்கிழமை தோறும் ஒரே பானை. சில மாதங்கள் எனக்கு ஓய்வு கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் வாசிக்கப் பழகிய பிள்ளை, கண்ணிற் பட்ட எழுத்தையெல்லாம் உரக்க வாசிக்கும். ஒரு மாலை மேசையிலிருந்தே அந்தப் பெட்டியின் பின்புறத்தை வாசித்து, அப்பம்மாவுக்காகத் தமிழிலும் சொல்லத் தொடங்கினான். கோதுமை மா என்றான், உப்பு என்றான், மாட்டுக் கொழுப்பு என்றான். அவனுக்கு அது மற்றைய சொற்களைப் போல இன்னொரு சொல். தனக்கு மொழிபெயர்க்கத் தெரியும் என்ற பெருமையோடு நிமிர்ந்து பார்த்தான்.

மாமி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து முழுகப் போனார். மறுநாள் முழுவதும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளவில்லை. என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் இலகுவாயிருந்திருக்கும். நோர்வேஜிய மொழி வகுப்புக்கு இரண்டு ஆண்டுகள் போனவள் நான். அந்தப் பெட்டியின் பின்புறத்தை வாசிக்க எனக்குத் தெரியும். வாசிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் குசினிக்குள் வந்தார். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேனா என்று கேட்பார் என எண்ணினேன். அவர் கேட்டது வேறு. "தம்பி ஆசைப்படுறது மாட்டுக்கில்லைப் பிள்ளை. அது வறுத்த மா மணம். அதை எனக்குத் தெரியும். மிச்சம் என்னெண்டு பாப்பம்" என்றார். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அறுபது ஆண்டுகள் மா வறுத்த மூக்கு அது.

ஊரிலே போறணை ஏது?

பின்னர் யோசித்துப் பார்த்தபோது மாமி சொன்னது எவ்வளவு சரி என்பது விளங்கிற்று. எங்கள் ஊரில் போறணை இருந்தது பாண் சுடும் பேக்கரியில் மட்டுமே. வீட்டில் எவரும் இறைச்சியைத் துண்டமாக வாட்டி, வடியும் சாற்றைச் சேர்த்துக் குழம்பு வைத்ததில்லை. ஆட்டிறைச்சிக் குழம்பிலும்கூடச் சுவையின் பெரும்பங்கு வறுத்த மல்லி, செத்தல் மிளகாய், பொன்னிறமாக வதங்கிய வெங்காயம், தேங்காய்ப்பால் ஆகியவற்றினுடையது. அதே தூளையும் பாலையும் பிஞ்சுப் பலாக்காயில் இட்டால், கண்ணை மூடிக்கொண்டு உண்பவர் இறைச்சியென்றே மயங்குவார். வாட்டிய இறைச்சிச் சாறில்லாமல் நல்ல குழம்பு வைப்பது எமக்குப் புதிய கலையன்று. எமக்குத் தெரிந்தது அது ஒன்றே எனலாம்.

ஆங்கிலேயருக்கோ இது புதிதாக இருந்தது. சென்னையில் அவர்கள் கண்ட மிளகுத்தண்ணியை வெறுமனே பருகப் பொறுக்காமல், அதற்குள் கோழியையும் ஆட்டையும் போட்டு, 'முல்லிகட்டோனி' என்று பெயரிட்டுத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது இன்றும் தகரப் பேணியில் விற்கிறது. இறைச்சியில்லாத சாற்றுக்கு இறைச்சி சேர்த்தவர்கள் அவர்கள். இறைச்சியுள்ள சாற்றிலிருந்து அதனை நீக்கப் பார்த்தவர்கள் நாங்கள்.

நீக்குவதற்கு முன்னர், இறைச்சிச் சாறு குழம்புக்கு எதைத் தருகிறது என்று அறியவேண்டும். முதலாவது, சிவந்த மணம். 1912 இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர், புரதத்தின் கூறுகளும் வெல்லமும் வெப்பத்தில் கூடும்போது கபில நிறமும் நறுமணமும் பிறப்பதை எடுத்துரைத்தார். பாணின் மேலோடு சிவப்பதும், கோப்பிக்கொட்டை வறுபடுவதும், எங்கள் கறித்தூள் மணப்பதும் பெரும்பாலும் இந்த வினையினாலேயே. ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் இது விரைவுபெறும். கொதிநீர் 100 பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே தண்ணீரில் அவித்த மரக்கறி எத்தனை மணிநேரம் கொதித்தாலும் சிவப்பதில்லை. மரக்கறிச் சாறு சப்பென்று இருக்கிறது என்று குறைப்படுவோர் பெரும்பாலும் செய்யும் பிழை இதுவே. சிவக்கவைத்த பின்னர்தான் தண்ணீர் விடவேண்டும்.

இரண்டாவது, நாவில் நின்று நிலைக்கும் அந்த உறைப்பில்லாத, இனிப்பில்லாத நிறைவுச் சுவை. தோக்கியோவில் 1908 ஆம் ஆண்டு கிக்குனே இக்கேதா என்பவர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேற் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, இச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் 1913 இல் உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனிலும், அக்கிரா குனினாக்கா 1957 இல் உலர்ந்த காளானிலும் இதற்குத் துணைநிற்கும் வேறு பொருட்களைக் கண்டறிந்தனர். குனினாக்காவின் கண்டுபிடிப்பில் எமக்குப் பயன்படும் செய்தி ஒன்றுண்டு: இவ்விரு வகைப் பொருட்களும் ஒன்றுசேரும்போது சுவை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயரும். தக்காளிக் களியும் உலர்ந்த காளானும் தனித்தனியே செய்யாததைச் சேர்ந்து செய்யும். எங்கள் மாசிக் கருவாடு யப்பானியரின் அந்தச் சூரை மீனுக்கு நெருங்கிய உறவு என்பதையும் இங்கே குறிப்பிடலாம். சம்பலில் அது ஏன் அப்படி வேலை செய்கிறது என்பது இப்போது விளங்கும். மாமியின் பானைக்குள் அதற்கு இடமில்லை என்பது வேறு விடயம்.

மூன்றாவது, கொழுப்பும் வழுவழுப்பும். எலும்பிலிருந்தும் தசைநாரிலிருந்தும் இறங்கும் ஜெலற்றின் என்ற பசை இறைச்சிச் சாற்றுக்கு உடலைக் கொடுக்கிறது. மரக்கறியில் அது இல்லை. மாவும் பட்டரும் அதற்கு ஓரளவு ஈடு. மீதிக்கு மாமி ஒரு வழி கண்டார். அதனைச் செய்முறையில் சொல்கிறேன்.

ஐரோப்பியரே இறைச்சிச் சுவையை இறைச்சிக்கு வெளியே தேடியவர்கள்தாம். ஜேர்மனிய இரசாயனவியலாளர் யூஸ்ரஸ் ஃபொன் லீபிக்கின் பெயரில் 1865 முதல் உருகுவேயில் மாட்டிறைச்சியைக் காய்ச்சி வற்றவைத்த சாறு பெருமளவில் தயாரானது. ஒரு கிலோ சாற்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. ஏழைகள் அதனை வாங்க இயலவில்லை. சுவிற்சர்லாந்தில் யூலியஸ் மகி என்பவர் 1886 அளவில் தாவரப் புரதத்தைப் பிரித்து ஒரு கறுப்புத் திரவம் செய்தார். அதிலே இறைச்சியே கிடையாது. ஆயினும் உலகம் அதனை இறைச்சிச் சுவை என்றே ஏற்றுக்கொண்டது. 1902 இல் இங்கிலாந்தில் மதுபானத் தொழிற்சாலைகளில் கழிவாகும் மதுவத்திலிருந்து பிறந்த மாமைற்றும் அவ்வகையினதே. இலங்கையில் வளர்ந்தவருக்கு அதனை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் தீவை உலுக்கியபோது, சூரியமல் இயக்கத்தினர் உணவின்றி வாடியோருக்கு அதனைக் கொடுத்தனர் என்பது வரலாறு. எங்கள் வீட்டில் அது பாணுக்குப் பூசும் பொருளாகத்தான் இருந்தது. குழம்பில் அதற்கு இருக்கும் வேலையை வெஸ்ட்லியில்தான் அறிந்தோம்.

சாறு இறக்குதல்

நால்வருக்கான அளவு இது. இரண்டு பெரிய வெங்காயத்தைத் தோலோடு நான்காக வெட்டுங்கள். தோலை எறியவேண்டாம், சாற்றுக்கு நிறம் கொடுப்பதில் அதற்குப் பங்குண்டு, நன்றாகக் கழுவினாற் போதும். ஒரு கரட், உள்ளங்கையளவு செலறிக் கிழங்கு, லீக்ஸின் பச்சைப் பகுதி, உரிக்காத உள்ளி மூன்று பல்லு ஆகியவற்றையும் வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டிப் போறணைத் தட்டில் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் ஆவியில் அவியுமேயன்றிச் சிவக்காது. 225 பாகையில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். இடையில் ஒருமுறை திருப்பி, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு மேசைக்கரண்டி தக்காளிக் களியைச் சேர்த்துக் கிளறிவிடுங்கள். ஓரங்கள் கருங்கபிலமாக வேண்டும், கரியாகக் கூடாது.

மரக்கறியை ஒரு பானைக்கு மாற்றியபின் தட்டைக் கழுவப் போகாதீர்கள். அடியில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் கபிலப் படிவுதான் நாம் தேடிய பொருள். கொதிநீர் ஒரு குவளை ஊற்றி, மரக் கரண்டியால் சுரண்டிக் கரைத்துப் பானைக்குள் வாருங்கள். இறைச்சி வாட்டுவோருக்குத் தட்டில் கிடைப்பது எதுவோ, எமக்கு அது இது.

இனி ஒரு லீற்றர் தண்ணீர், உலர்ந்த காளான் ஒரு கைப்பிடி (பத்து முதல் பதினைந்து கிராம்), ஒரு வாசனை இலை, பத்து மிளகு. இவற்றோடு ஒரு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பு. இதுதான் மாமி கண்ட வழி. பருப்பு கரைந்து சாற்றுக்கு உடல் கொடுக்கும்; தான் இருப்பதை வெளிக்காட்டாது. காளானை முற்கூட்டியே இரண்டு மணிநேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்த நீரையும் அடிமண்டி நீக்கிச் சேர்ப்பது நல்லது. சிறு தீயில் நாற்பது நிமிடம் கொதித்தபின் அரிதட்டில் வடித்து, கரண்டியால் நன்றாக அழுத்திப் பிழியுங்கள். ஏழு டெசிலீற்றர் அளவு சாறு கிடைக்கும். இந்நிலையில் உப்பிட வேண்டாம். சாறு இன்னும் வற்றும். முன்கூட்டி இட்ட உப்பு பின்னர் கரிக்கும்.

கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் வெங்காயமும் உள்ளியும் விலக்குவோர், கரட்டையும் செலறியையும் இருமடங்காக்கி, மா வறுக்கும்போது கடுகளவு பெருங்காயம் சேர்க்கலாம். சுவை வேறு, குறைவு என்று சொல்லமாட்டேன்.

மா வறுத்தல்

அடி கனமான தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி பட்டரை நடுத்தரத் தீயில் உருக்கி, நுரை அடங்கியதும் நான்கு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவிக் கிளறுங்கள். இங்கே அவசரத்துக்கு இடமில்லை. முதலில் பச்சை மா மணக்கும். பின்னர் பிஸ்கற் மணம். அதன்பின் கச்சான் வறுத்த மணம். இறுதியில் புளியங்கொட்டையின் நிறம் வரும். பத்து நிமிடமோ பன்னிரண்டு நிமிடமோ ஆகலாம். மணிக்கூட்டைப் பார்க்காமல் மூக்கை நம்புங்கள். கருகிய புள்ளிகள் தோன்றினால் முழுவதையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதே வழி. கருகலின் கைப்பை எந்தச் சீனியாலும் மறைக்க இயலாது. நான் இரண்டு தடவை கொட்டியிருக்கிறேன்.

மா எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவுக்குத் தடிப்பாக்கும் ஆற்றலை இழக்கும். வெப்பத்தில் அதன் மாப்பொருட் சங்கிலிகள் அறுந்துவிடுவதே காரணம். வெள்ளைச் சௌஸுக்கு வேண்டியதைவிட இதற்கு மா கூடுதலாகத் தேவைப்படுவது இதனாலேயே.

தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி, இளஞ்சூடான சாற்றில் ஒரு கரண்டி விட்டு, பசையாகும்வரை கம்பியகப்பையால் அடியுங்கள். பின்னர் இன்னொரு கரண்டி. பாதிச் சாறு கலந்தபின் மீதியை ஒரேயடியாக ஊற்றலாம். முழுச் சாற்றையும் தொடக்கத்திலேயே ஊற்றுபவருக்குக் கட்டிதான் கிடைக்கும்; அப்படி நேர்ந்தால் அரிதட்டு இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுப்பில் ஏற்றிச் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் மாவின் கரகரப்பு நீங்கும். ஒரு டெசிலீற்றர் சாற்றை எப்போதும் மிச்சம் பிடியுங்கள். மேசையில் வைத்த குழம்பு ஆற ஆற இறுகும்.

முடிவில் ஒரு மேசைக்கரண்டி சோயாச் சாறு, அரைத் தேக்கரண்டி மாமைற், புதிதாகக் குத்திய மிளகு, நாலைந்து துளி தேசிப்புளி. புளியை எவரும் நாவிற் காணக்கூடாது. ஆனால் அது இல்லாத குழம்பு தூங்கும். சோயாவிலும் மாமைற்றிலும் உப்பு உண்டு. அவற்றின் பின்னரே உப்புப் பார்க்கவேண்டும்.

இந்நாட்டவர் வேட்டையிறைச்சிக் குழம்பில் சேர்க்கும் ஒரு பொருள் எமக்கும் கைகொடுக்கும். 'புரூனுஸ்த்' என்ற கபிலநிறப் பாற்கட்டி. குட்பிரான்ட்ஸ்டால் பள்ளத்தாக்கில் 1863 இல் ஆன்னே ஹோவ் என்ற பெண், பாற்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரைக் காய்ச்சும்போது பாலாடையையும் சேர்த்துப் பார்த்ததில் இன்றைய வடிவம் பெற்றது. மணிக்கணக்கில் காய்ச்சப்படுவதால் பாலின் வெல்லம் சிவந்து, எங்கள் பால்கோவாவின் சாயல் அதற்கு உண்டு. இரண்டு மெல்லிய சீவல் குழம்பில் கரைந்தால் நிறமும் வழுவழுப்பும் மெல்லிய இனிப்பும் ஒருங்கே வரும். மூன்றாவது சீவல் வேண்டாம். குழம்பு இனிப்புப் பண்டமாகிவிடும். கடைகளில் சிறு போத்தலில் விற்கும் கருக்கிய சீனிச் சாயம் நிறத்தை மட்டுமே தரும். சுவையில்லாத குழம்புக்கு அதனை ஊற்றுவது, உள்ளே இடிந்த வீட்டுக்கு வெளியே வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

மாமி இதில் வறுத்துப் பொடித்த மல்லி அரைத் தேக்கரண்டி சேர்ப்பார். ஒஸ்லோவின் எந்த வீட்டிலும் இல்லாத மணம் அது. ஆனால் வாட்டிய இறைச்சியின் மணத்துக்கு மிக நெருங்கியும் வந்தது. அரைத் தேக்கரண்டி என்பதே எல்லை என்று இருவரும் உடன்பட்டோம். அதற்கு மேற்போனால் இது குழம்பாகிவிடும், சௌஸாக இராது.

இதனை எதற்கு ஊற்றுவது? அவித்த உருளைக்கிழங்குக்கு முதலில். மாமி கடலைப்பருப்பு வடையைச் சற்றுப் பெரிதாகத் தட்டி, மிளகாயைக் குறைத்துப் பொரித்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னர் குழம்பில் இடுவார். மகன் அதற்கு 'அப்பம்மா காக்கெர்' என்று பெயர் வைத்தான். அவனுடைய நோர்வேஜிய நண்பன் ஒருநாள் வந்து ஆறு உண்டான். பெட்டிச் சௌஸ் எது, இது எது என்று அவன் கேட்கவில்லை. கிழங்கு இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்டான்.

இரண்டு எச்சரிக்கைகள்

காளானைக் கடையில் வாங்குவதே நலம். சீனர், வியட்நாமியர் கடைகளில், குறிப்பாகக் குரோன்லான்ட் பகுதியில், உலர்ந்த காளான் மலிவாகக் கிடைக்கும். வெஸ்ட்லியின் பின்காட்டில் இலையுதிர் காலத்தில் காளான் பொறுக்கும் வழக்கம் இந்நாட்டவருக்கு உண்டு. எம்மவரும் இப்போது செல்கின்றனர். ஊரிலே மழைக்குப்பின் புற்றடியில் முளைக்கும் வெண்காளானைப் பிடுங்கிச் சமைத்த பழக்கத்தில், இங்குள்ள வெண்ணிறக் காளானைத் தொட்டுவிடாதீர்கள். 'வீத் ஃபுலூசொப்' எனப்படும் முற்றிலும் வெண்மையான காளான் ஈரலை அழித்து உயிரைக் கொல்லும். சமைப்பதால் அதன் நஞ்சு நீங்காது. இலையுதிர் காலத்தில் காட்டு வாயில்களில் காளான் பரிசோதகர்கள் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கின்றனர். அவர்கள் பார்க்காத கூடையைக் குசினிக்குள் கொண்டுவராதீர்கள்.

மற்றது, பெட்டியின் பின்புறம். எல்லாப் பொடிகளிலும் மாட்டுக் கொழுப்பு இருப்பதில்லை. சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளும் வேறுபடலாம். 'ஸ்தூர்ஃபே', 'உக்சே' என்ற சொற்கள் மாட்டினத்தைக் குறிப்பன. 'ஸ்வீன்' பன்றி. 'ஷில்லிங்' கோழி. 'ஷோத்' என்பது பொதுவாக இறைச்சி. 'கிராஃப்ட்' என்றால் சாறு. எதன் சாறு என்பதை அதற்கு முன்னுள்ள சொல்லில் தேடவேண்டும். 'யேர்' என்று தொடங்கினால் அது மதுவம், அஞ்சத் தேவையில்லை. 2014 இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிகளின்படி, ஒவ்வாமை தரும் பதினான்கு வகைப் பொருட்கள் தனித்துத் தெரியும் எழுத்தில் இருக்கவேண்டும். நோர்வேயிலும் அதுவே விதி. கோதுமை, பால், செலறி, சோயா யாவும் தடித்த எழுத்தில் கண்ணிற் படும். மாடு அப்பட்டியலில் இல்லை. எங்கள் வீட்டை ஒரு நாள் முழுவதும் பட்டினி போட்ட அந்தச் சொல் இன்றும் மெல்லிய எழுத்திலேதான் இருக்கிறது. தடித்தவற்றை மட்டும் வாசிப்பவர் அதனைத் தாண்டிச் செல்வார்.

மிஞ்சிய சாற்றை மா சேர்க்காமல், பனிக்கட்டித் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தால் மூன்று மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பெரிய பானையில் இறக்கிவைத்தால், வேலைநாள் மாலையில் மா வறுக்கும் நேரம் மட்டுமே செலவாகும். பெட்டிப் பொடி ஐந்து நிமிடம், இது கால் மணிநேரம். அந்தப் பத்து நிமிட வித்தியாசத்துக்காகத்தான் நான் அன்று பின்புறத்தை வாசிக்காமல் விட்டேன்.

மாமி 2008 இல் காலமானார். கடைசிவரை புதன்கிழமைகளில் எங்கள் மேசையில் ஒரே பானைதான். மகன் இப்போது பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் தன் குடும்பத்தோடு வசிக்கிறான். அவனும் இதனைச் சமைக்கிறான். மாவை எவ்வளவு நேரம் வறுப்பது என்று முதல் தடவை தொலைபேசியில் கேட்டான். கச்சான் மணம் வந்த பின்னரும் இரண்டு நிமிடம் என்றேன். சென்ற மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது, மல்லித்தூளை அவன் அரைத் தேக்கரண்டி அல்ல, நிறைந்த ஒரு தேக்கரண்டி போடுவதைக் கண்டேன். அவனுடைய மகள் அதனைச் சோற்றுக்கு ஊற்றி உண்டாள்.